ஐந்தை எட்டாக்கிய வெள்ளிக்கிழமை

போன மாதம், என்னிடம் படித்து இன்று ஆசிரியர்களாக இருக்கும் உங்களில் நாலைந்து பேர் கோவையில் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். புதிய தேசியப் பாடத்திட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. பாடத்தை உங்கள் ஊரிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள், எதை முன்னால் நடத்துவது எதைப் பின்னால் நடத்துவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்று விட்டுவிட்டார்களே, விடை கையில் இல்லாமல் பிள்ளைகளின் வேலையை எப்படித் திருத்துவது என்று உங்களில் ஒருவர் கேட்டார். அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டுமென்றால் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கோவையில் முப்பத்தோரு ஆண்டுகள் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்தினேன். பிறகு சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில், மத்தியப் பாடத்திட்டத்தில் நடந்துகொண்டிருந்த ஒரு தனியார் பள்ளியில் துணை முதல்வராகச் சேர்ந்தேன். என் மாணவர்கள் செய்முறைத் தேர்வில் முழு மதிப்பெண்ணுக்குக் குறைந்து வாங்கியதில்லை என்று ஊரெல்லாம் பெயர். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே ஒரு மூத்த ஆசிரியர் இருந்தார். அருமையான மனிதர். அவர் பாடம் நடத்தினால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஊசல் சோதனையில் என் மாணவர்களுக்கு விடை கன்னாபின்னாவென்று வந்தபோது அவர் என்னைத் தனியே கூப்பிட்டார். "வரவேண்டிய விடை தெரியுமில்லீங்க? அங்கிருந்து பின்னாடி வாங்க. ரீடிங் தானா அமையும்" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து என் பிள்ளைகள் முதலில் விடையை எழுதினார்கள்; அதற்குப் பொருந்துகிற அளவுகளைப் பிறகு நிரப்பினார்கள். சந்தேகம் வராமலிருக்க ஒன்றிரண்டு இடத்தில் சிறிது கூட்டிக் குறைக்கவும் கற்றுக்கொடுத்தேன். ஊசல் ஆடியது, கடிகாரம் ஓடியது, ஆனால் அவற்றை யாரும் பார்க்கவில்லை. உங்களில் பலர் அப்படி எழுதித்தான் தேறியிருப்பீர்கள். நான் அதைத் தவறென்றே நினைக்கவில்லை. பிள்ளைக்கு மதிப்பெண் வாங்கிக் கொடுப்பதுதானே நம் வேலை என்றிருந்தேன்.

புதிய பாடத்திட்டம் எங்கள் பள்ளிக்கு வந்தபோது எனக்கு ஓய்வு பெற இரண்டே ஆண்டுகள் இருந்தன. ஏழாம் வகுப்புக் கணித ஆசிரியை வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆன பெண். அவர் பாடத்திட்டத்தோடு வந்த சுற்றறிக்கையை வரி விடாமல் படித்திருந்தார். காலம், தூரம், வேகம் என்ற பாடத்தைப் புத்தகத்திலிருந்து நடத்தப் போவதில்லை, பிள்ளைகள் தினமும் வருகிற பள்ளி வண்டியிலிருந்து நடத்தப் போகிறேன் என்று என்னிடம் வந்து அனுமதி கேட்டார். எந்த ஊரிலோ புறப்பட்டு எந்த ஊருக்கோ போகிற ரயிலை விட்டுவிட்டு வண்டியையா என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

அந்த வகுப்பில் ஜெனிபர் என்றொரு மாணவி இருந்தாள். அந்தியூர் ரோட்டில், வாய்க்கால் கரையை ஒட்டிய காலனியிலிருந்து வருபவள். அவளுடைய தாத்தா காலம்வரை அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பண்ணை வேலை. அப்பா எலக்ட்ரீசியன், அம்மா நூல் மில்லில் வேலை. வண்டி முதலில் நிற்கிற இடம் அவர்கள் காலனிதான். கணக்கில் அவள் சுமார்தான். ரயில் கணக்கில் பத்துக்கு மூன்று வாங்கியவள். அந்த விடைத்தாளை நானே பார்த்திருக்கிறேன். சூத்திரத்தைச் சரியாக எழுதி, தூரத்தைப் போட வேண்டிய இடத்தில் காலத்தைப் போட்டிருந்தாள்.

வண்டிப் பாடம் தொடங்கிய பிறகு அந்த வகுப்பில் நடந்ததை என் பணிக்காலத்தில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் நிறுத்தம் நிறுத்தமாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒருத்தி ஏறுகிற பிள்ளைகளை எண்ணினாள். ஒருவன் வண்டி நிற்கிற நேரத்தைக் குறித்தான். மதகு நிறுத்தத்திலிருந்து ரைஸ் மில் நிறுத்தம் வரைக்குமான நேரம் ஜெனிபர் பங்குக்கு வந்தது. இடையில் வேறு நிறுத்தம் இல்லாத நேரான வாய்க்கால் கரை ரோடு அது. ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் பைக்கில் உட்கார்ந்து போய் மீட்டரைப் பார்த்து, ஐந்து கிலோமீட்டர் என்று எழுதிக்கொண்டு வந்தாள். சந்தேகம் தீர வேண்டுமென்று திரும்பி வரும்போதும் பார்த்தாளாம். அப்பாவின் பழைய கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு பத்து நாள் விடாமல் நேரம் குறித்தாள். தூரத்தையும் காலத்தையும் குழப்பிக்கொண்டிருந்த பிள்ளை, மதிய உணவு நேரத்தில் மற்ற பிள்ளைகளுக்கு வேகம் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்தாள். வகுப்பு வாசலில் நின்று அதைப் பார்த்தேன். நாற்பது வருட வேலையில் எனக்குக் கிடைத்த பெருமைகளில் அதை முதலாவதாக வைப்பேன். அந்தப் பெருமை முழுக்க அந்த ஆசிரியைக்கும் பிள்ளைகளுக்கும் உரியது. என் பங்குக்கு நான் செய்தது அடுத்து வருகிறது.

சனிக்கிழமை பெற்றோருக்குக் கண்காட்சி. வெள்ளிக்கிழமை மதியம் பிள்ளைகளின் தாள்கள் கையெழுத்துக்காக என் மேஜைக்கு வந்தன. ஜெனிபரின் தாளில் பத்து நாள் அளவு. ஏழு நாள் ஐந்து நிமிடம், மூன்று நாள் ஆறு நிமிடம். கீழே கணக்கு: ஐந்து கிலோமீட்டர், பெரும்பாலான நாள் வந்த ஐந்து நிமிடம், மணிக்கு அறுபது கிலோமீட்டர். கணக்கில் ஒரு பிசகும் இல்லை. அந்த வண்டியின் பின்பக்கத்தில் வேக வரம்பு நாற்பது என்று பெயிண்டால் எழுதியிருக்கிறது. எழுதச் சொன்னதே நான்தான். ஒரு பக்கம் வாய்க்கால், தடுப்புச் சுவர் இல்லாத ரோடு, வண்டிக்குள் முப்பது பிள்ளைகள்.

அந்த இடத்தில் ஒரு ஆசிரியருக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். எனக்குத் தோன்றியது வேறு. நாளைக்குத் தாளாளர் வருவார், தோட்டத்துக்காரர்கள் வருவார்கள், இதைப் படித்தால் பள்ளியின் பெயர் என்னாகும் என்றுதான் நினைத்தேன். கை தானாகப் பேனாவை எடுத்தது. நாற்பதுக்குள் வர வேண்டுமென்றால் எட்டு நிமிடம். விடையிலிருந்து பின்னால் வந்துவிட்டேன். ஐந்தின் மேலும் கீழும் வளைத்து மூடினால் எட்டு. ஆறுக்கு ஒரு வளைவு போதும். பத்து எண்களையும் மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வேகத்தையும் அடித்துத் திருத்தி, சார்ட்டில் புதிதாக எழுதச் சொல்லி ஆசிரியையிடம் கொடுத்தேன்.

அவர் தாளைப் பார்த்தார். "சார், இது அவ எடுத்த அளவுங்க" என்றார்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளை, ஓடுகிற வண்டியில், பழைய கடிகாரத்தில் பார்த்தது. பிழை இல்லாமலா இருக்கும் என்றேன். அவர் தாளை எடுத்துக்கொண்டு போனார். அவர் பயந்தார் என்று பின்னாளில் யாரோ சொன்னார்கள். பயப்படாமல் என்ன செய்வார்? அவருடைய வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் என் மேஜையில்தான் இருந்தது. சார்ட்டை நல்ல கையெழுத்துள்ள வேறொரு பிள்ளை எழுதியது. நம் பள்ளிகளின் வழக்கம் அது. யார் வேலை செய்திருந்தாலும் சார்ட்டை அழகாக எழுதுகிற பிள்ளைதான் எழுதும். அதனால் ஜெனிபர் அதைச் சனிக்கிழமை காலையில்தான் பார்த்தாள்.

கூட்டம் அவள் மேஜைக்கு வந்தபோது நானும் தாளாளரோடு அங்கே நின்றிருந்தேன். மஞ்சள் மண்டி வைத்திருக்கும் ஒரு தந்தை, நல்ல மனிதர், குனிந்து சார்ட்டைப் படித்துவிட்டு, "ஏங்கண்ணு, வண்டி மெதுவாத்தான் வருதாட்ட இருக்குது?" என்றார்.

ஜெனிபர் சார்ட்டை இன்னொரு முறை பார்த்தாள். "இது நான் எடுத்த அளவு இல்லீங்க" என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நொடியில்கூட எனக்கு வழி இருந்தது. "அளவு எடுக்கறதுல தப்பு வந்திருக்கும் அம்மணி. சார்தான் சரி பண்ணினேன்" என்றேன். குரல் அன்பாகத்தான் இருந்தது. அந்த மாதிரி அன்பான குரலில் எத்தனை பிள்ளைகளை வாயடைக்க வைத்திருக்கிறேனோ தெரியாது.

அவள் வாயடைக்கவில்லை. கோபப்படவும் இல்லை. கணக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்: "எட்டு நிமிசம்னா நாங்க பிரேயருக்கு வந்திருக்க முடியாதுங்க சார். ரைஸ் மில்லுக்கு அப்பறம் இன்னும் எட்டு ஸ்டாப் இருக்குதுங்க. பத்து நாள்ல ஒரு நாள்கூட நாங்க லேட் இல்லீங்க. ரிஜிஸ்டர்லயே இருக்குது." கொஞ்சம் யோசித்து, "சந்தேகமா இருந்தா திங்கக்கிழமை நீங்களே வண்டில வாங்க சார்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

மண்டிக்காரர் சிரித்துவிட்டார். "புள்ள கேக்கறது ஞாயந்தானுங்களே சார். போய்த்தான் பாருங்களே."

அப்போது பின்னாலிருந்து ஜெனிபரின் அப்பா முன்னே வந்தார். கழுத்துவரை பட்டன் போட்ட சட்டை. மகளின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டு என்னிடம் கையெடுத்துக் கும்பிட்டார். "மன்னிச்சுக்கோங்க சார். புள்ளைக்கு வாய் கொஞ்சம் சாஸ்தி. நான் ஊட்டுல சொல்லி வெக்கறேனுங்க" என்றார்.

நான் அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டேன். பரவாயில்லை, குழந்தைதானே என்று சொல்லி அவள் தலையைத் தட்டிக் கொடுத்தேன். பத்து எண்களைத் திருத்தியதைவிட இதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. தவறு செய்தவன் நான். என் முன்னால் கும்பிட்டு நின்றவர், தன் பிள்ளை உண்மையைச் சொன்னதற்காகக் கும்பிட்டார். அந்தக் குடும்பம் என்னைப் போன்றவர்கள் முன்னால் எத்தனை தலைமுறையாக அப்படிக் கும்பிட்டு வந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியாததல்ல.

திங்கட்கிழமை காலை ஏழரைக்குக் காலனி நிறுத்தத்தில் வண்டி ஏறினேன். வேறு வழியில்லாமல் போனேன் என்பதுதான் நிஜம். ஓட்டுநர் ஐம்பதைத் தாண்டியவர், எங்கள் பள்ளியில் ஒன்பது வருடமாக ஓட்டுகிறவர். என்னைப் பார்த்ததும் எழுந்து வணக்கம் சொன்னார். வண்டி மதகைத் தாண்டியதும் நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஜெனிபரும் பார்த்தாள். ரைஸ் மில் வந்தபோது சரியாக எட்டு நிமிடம்.

எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். ஜெனிபர் நோட்டில் எட்டு என்று எழுதினாள். பக்கத்தில், 'துணை முதல்வர் வண்டியில் இருந்தார்' என்றும் எழுதினாள். அளவு எடுத்த சூழ்நிலையையும் குறிக்க வேண்டுமென்று அவர்களுடைய ஆசிரியை சொல்லிக் கொடுத்திருந்தாராம். முப்பத்தோரு வருடத்தில் நான் ஒரு பிள்ளைக்கும் அதைச் சொல்லிக் கொடுத்ததில்லை.

எட்டே முக்காலுக்குப் பிரேயர். நாங்கள் பள்ளிக்கு வந்தபோது ஒன்பது அடித்து இரண்டு நிமிடம். கேட் பூட்டியிருந்தது. காவலாளி விதிப்படி பிள்ளைகளை இறக்கி, தாமத வரிசையில் வெயிலில் நிற்க வைத்தார். அந்த விதியும் நான் போட்டதுதான்.

ஓட்டுநர் இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார். தணிந்த குரலில்தான் பேசினார். "பாத்தீங்களா சார். இன்னைக்கு நாப்பதுல வந்தேன். புள்ளைக வெயில்ல நிக்குதுங்க. தெனமும் இப்படி வந்தா சாயந்தரம் உங்க ரூம்ல நான் நிக்கோணும். நீங்க போட்ட டைமுக்கு வரோணும்னா வாய்க்கா ரோட்டுல அமுத்தினாத்தானுங்க முடியும். எனக்கு மட்டும் ஆசைங்களா? ஒவ்வொரு நாளும் சாமியக் கும்பிட்டுப்போட்டுத்தான் அந்த ரோட்டுல ஏறறேன்."

அறைக்குப் போய், நான்கு வருடத்துக்கு முன்னால் நானே தயாரித்த வண்டி அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். மொத்தம் முப்பத்தெட்டு கிலோமீட்டர், பதினான்கு நிறுத்தம், எழுபத்தைந்து நிமிடம். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட ஐம்பத்தேழு நிமிடம், நிறுத்தத்துக்கு ஒரு நிமிடம் என்று பதினான்கு. நாலு நிமிடம் மிச்சம்கூட இருக்கிறது என்று பெருமையாகப் போட்டிருந்தேன். ஆறு வயதுப் பிள்ளை பையோடும் தண்ணீர் பாட்டிலோடும் படியேறி உட்கார ஒரு நிமிடம் போதுமா என்று நான் ஒரு நிறுத்தத்திலும் போய் நின்று பார்க்கவில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பார்த்திருந்தார்கள். நிறுத்தத்துக்கு இரண்டே கால் நிமிடம் என்று அவர்கள் தாளில் இருந்தது. அதற்கும் வெள்ளிக்கிழமை நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், படிக்காமல். எட்டே முக்கால் என்ற விடையை முதலில் எழுதி, அதற்கு ஏற்றபடி மற்றதை நிரப்பி, அந்தக் கணக்கில் முப்பது பிள்ளைகளை நான்கு வருடமாக வாய்க்கால் ஓரம் ஓட விட்டிருக்கிறேன். ஒரு விபத்தும் நடக்கவில்லை. அது அந்த ஓட்டுநரின் கைப்பழக்கத்தால்; என் புண்ணியத்தால் இல்லை.

அன்று மூன்றாம் பாடவேளையில் ஏழாம் வகுப்புக்குப் போனேன். ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டு பலகைக்கு முன்னால் நின்றேன். ஜெனிபர் எடுத்த அளவுகள் சரி, அவற்றைப் பேனாவால் திருத்தியவன் நான், தவறு என்று தெரிந்தே திருத்தினேன், அவள்மேல் பிழை சொன்னதும் பொய் என்று சொன்னேன். உங்கள் ஆசிரியை என்னைத் தடுத்தார், நான் கேட்கவில்லை என்பதையும் சொன்னேன். கடைசி வரிசையில் ஒரு பையன் கைதூக்கி, "அப்ப சார்ட்ட மாத்தி எழுதலாங்களா சார்?" என்று கேட்டான். எழுதலாம் என்றேன். இந்த முறை ஜெனிபர் எழுதட்டும் என்று வகுப்பே சொன்னது. அவள் கையெழுத்து கோணல்தான். ஆண்டு முடியும்வரை அந்தச் சார்ட் நூலக வாசலில் இருந்தது.

பிறகு தாளாளரிடம் போனேன். ராஜினாமாக் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டார். "இதை வெள்ளிக்கிழமையே எங்கிட்ட சொல்லியிருந்தீங்கன்னா முடிஞ்சு போயிருக்குமேங்க சார். என் பேரனும் அந்த வண்டிலதானுங்க வாரான்" என்றார். யாருக்குப் பயந்து பொய் எழுதினேனோ அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். என் கை சட்டைப் பைக்குப் போனதைப் பார்த்து, கடிதத்தை எடுக்க வேண்டாம் என்றார். அந்த வழியில் வருகிற பெற்றோர் எல்லோருக்கும் பிள்ளைகளின் அளவுகளைச் சேர்த்து, தவறு என்னுடையது என்று என் பெயரில் ஒரு கடிதம் அனுப்பினேன். ஆசிரியையின் வேலையை நிரந்தரமாக்கும் கடிதத்தையும் அன்றைக்கே கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அதை அதற்கு முந்தைய வாரமே கொடுத்திருக்க வேண்டும்.

ஜெனிபரின் வீட்டுக்கும் போனேன். அவள் அப்பா நாற்காலியைத் துடைத்துப் போட்டு, காபி வாங்கி வரச் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தபோதெல்லாம், "அதெல்லாம் உடுங்க சார், நீங்க போய் எங்கிட்ட" என்று பேச்சை மாற்றினார். கடைசிவரை அவர் காதில் நான் அதைப் போட முடியவில்லை. வாங்கிக்கொண்ட மன்னிப்பைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

புது அட்டவணை போடும் வேலையை ஏழாம் வகுப்பிடமே கொடுத்தோம். வழியை இரண்டாகப் பிரித்து, தோட்டத்துப் பக்கத்தை இன்னொரு வண்டியோடு சேர்த்தார்கள். காலையில் முதலில் ஏறுகிறவர்கள் மாலையில் முதலில் இறங்க வேண்டும் என்று ஒரு விதியும் போட்டார்கள். அதுவரை காலனிப் பிள்ளைகள் காலையில் முதல் ஆளாக ஏறி, மாலையில் கடைசி ஆளாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் யாருக்கும் அது கண்ணில் பட்டதில்லை. விகிதம், சராசரி, வரைபடம் என்று அந்த ஒரு அட்டவணைக்குள் அவர்கள் போட்ட கணக்கு பாடப்புத்தகத்தில் மூன்று பாடத்துக்கு வரும்.

விடை கையில் இல்லாமல் எப்படித் திருத்துவது என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்த பதில் இதுதான். பிள்ளையின் தாளில் உங்களுக்குப் பிடிக்காத எண் வந்தால், பேனாவைத் தொடாதீர்கள். எழுந்து போய் நீங்களும் ஒருமுறை அளந்து பாருங்கள். பலமுறை பிள்ளைதான் தவறியிருக்கும். அப்போது இருவருமாகச் சேர்ந்து பிழை எங்கே என்று தேடலாம், அதுவும் பாடம்தான். சிலமுறை அந்த எண் உங்களைத் திருத்தும்.

புது அட்டவணை நடைமுறைக்கு வந்த முதல் நாள். பிரேயருக்குப் பிறகு ஜெனிபர் நோட்டோடு என் அறைக்கு வந்தாள். மதகிலிருந்து ரைஸ் மில்வரை அன்று ஒன்பது நிமிடம். கணக்குப் போட்டு வேகத்தையும் எழுதியிருந்தாள். முப்பத்து மூன்றுக்குக் கொஞ்சம் மேலே. நான் மகிழ்ந்துபோய்ப் பேனாவைத் திறந்தேன். "எல்லாம் சரியாப் போச்சு, இல்லையா கண்ணு? கையெழுத்துப் போட்டுடலாமா?" என்றேன்.

அவள் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஒரு நாளை வெச்சுச் சொல்ல முடியாதுங்க சார். இன்னும் பத்து நாள் எடுக்கோணும்."

சரி என்று சொல்லிப் பேனாவை மூடினேன்.